2019ல் வேலூர் மட்டும் ஏன் ஆகஸ்ட் மாதம் ஓட்டுப் போட்டது?

பணம்தான் காரணம். வேலூர் மாவட்டத்தில் நடந்த வருமான வரிச் சோதனைகளில் காட்பாடிப் பக்கம் ஒரு சிமென்ட் குடோனில் கோடிக்கணக்கான ரூபாய் சிக்கியது. தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் தேர்தலை ரத்து செய்தார். வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள்தான் பாக்கி!

பலரும் மறந்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ரத்தானது மக்களவைத் தேர்தல் மட்டும்தான். இதே தொகுதிக்குள் இருக்கும் ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் சொன்னபடி ஏப்ரல் 18 அன்று நடந்தன. குடியாத்தத்தில் எங்கள் அம்மா அன்று விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் 5 அன்று மறுபடியும் அதே வெயிலில் வரிசை, மறுபடியும் மை. யாரோ பதுக்கிய பணத்துக்கு சாதாரண ஜனங்கள் ஏன் அலைய வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 9 எண்ணிக்கை கடைசிவரை இழுபறி. தி.மு.க.வின் கதிர் ஆனந்த் வெறும் 8,141 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. சண்முகம் அந்த முறை இரட்டை இலையில் நின்றவர். 1984ல் இதே வேலூரில் அதே சின்னத்தில் ஜெயித்தவர், 2014ல் தாமரையில் நின்று அ.தி.மு.க.வின் செங்குட்டுவனிடம் தோற்றவர்.

2024லும் இதே இருவர்தான் மோதினார்கள். சண்முகத்துக்கு மீண்டும் தாமரை. இந்த முறை வித்தியாசம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.