‘பூச்சி காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மருந்தா?

கேள்வி: ஒரு மாதத்துக்கும் மேலாக உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரியில் தூங்கவே முடிவதில்லை. மருத்துவர் ஸ்கேபிஸாக (தோலுக்குள் குடைந்து வாழும் நுண்ணிய பூச்சியால் வரும் சிரங்கு) இருக்கும் என்று லேபில் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். ‘பூச்சி காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? ரத்தம் கொடுத்து உறுதி செய்துகொள்ளலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மருந்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், சகோதரி. மைக்ராஸ்கோப்பே கதியென்று இருக்கிறவள் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் உங்கள் மருத்துவர் பக்கம்தான் நிற்பேன். சுரண்டிய அந்தச் சின்ன இடத்தில் பூச்சி சிக்கவில்லை என்பதற்கு மேல் அந்த ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை.

சாதாரண ஸ்கேபிஸில் ஒருவர் உடம்பு முழுவதற்குமே சுமார் 10 முதல் 15 பூச்சிகள்தான் இருக்கும். பெண் பூச்சியே அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. உடம்பெல்லாம் தடிப்பதும் அரிப்பதும் அவற்றின் எச்சம், முட்டை ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை. ஆகவே அரிக்கிற இடத்தில் எல்லாம் பூச்சி இருக்காது. வயிற்றில் சிவந்திருக்கிறதே என்று அங்கே சுரண்டினால் பெரும்பாலும் வெறும் செதில்தான் மிஞ்சும்.

தேட வேண்டியது வளையை, அதாவது பூச்சி தோலுக்குள் குடைந்து போன பாதையை. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பாருங்கள்: பென்சிலால் லேசாகக் கிறுக்கியது போல, சில மில்லிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று வளைந்து போகும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் அங்கே பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைப்போம். மேலே இருந்த மை போய்விடும். வளைக்குள் இறங்கியது கோடாக நிற்கும். கோட்டின் ஒரு முனையில் பூச்சி இருக்கும். ஏற்கெனவே நகம் பட்டுப் புண்ணான இடத்தைச் சுரண்டிப் பயனில்லை, சொறியும்போதே பூச்சி போயிருக்கக்கூடும்.

இனி சுரண்டும் விதம். மினரல் ஆயில் ஒரு சொட்டு விட்டு, தோலை இழுத்துப் பிடித்து, 15-ஆம் எண் பிளேடால் வளையின் மேல்தோல் வரும்படி சுரண்டி ஸ்லைடில் வைக்க வேண்டும். பயந்து பயந்து மேலாக வழித்தால் எதுவும் வராது. ஒரே இடத்தோடு விட்டுவிடவும் கூடாது. எண்ணெயில் பூச்சி உயிரோடு கால்களை அசைப்பதையே பார்க்கலாம். பூச்சி இல்லாவிட்டாலும் முட்டையோ, பழுப்பு நிற எச்ச உருண்டைகளோ கிடைத்தால் நோய் உறுதி. சில லேப்களில் எண்ணெய்க்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவார்கள். அது செதிலைக் கரைத்துப் பார்வையைத் தெளிவாக்கும். கூடவே எச்சத்தையும் கரைத்துவிடும். இருக்கிற தடயமே சொற்பம், அதிலும் ஒன்றை ஏன் இழப்பது? நான் எண்ணெயைத்தான் கேட்பேன்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஸ்கேபிஸை உறுதி செய்யும் நம்பகமான ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. ஒவ்வாமையில் கூடும் ஈசினோஃபில் என்ற ரத்த வெள்ளையணு கூடியிருந்தாலும் அதற்கு வேறு காரணங்கள் எத்தனையோ. பூச்சியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை உண்டு, ஆனால் அதற்கும் சரியான இடத்திலிருந்து மாதிரி எடுத்தாக வேண்டும். மருத்துவரிடம் டெர்மோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) இருந்தால் சுரண்டாமலேயே பார்க்கலாம். வளையின் நுனியில் பூச்சியின் முன்பகுதி சின்னக் கறுப்பு முக்கோணமாகத் தெரியும்.

2020-இல் சர்வதேச நிபுணர்கள் வெளியிட்ட வரையறையும் லேப் சான்று இருந்தே தீர வேண்டும் என்று கேட்கவில்லை. வளை கண்ணில் பட்டாலோ, ஸ்கேபிஸுக்கே உரிய இடங்களில் உரிய தடிப்புகளும் அரிப்பும் நோயாளியோடு நெருங்கிப் பழகிய விவரமும் சேர்ந்து இருந்தாலோ, மருத்துவர் கண்ணால் பார்த்தே ஸ்கேபிஸ் என்று முடிவு செய்யலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு அரிப்பே இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதுவரை அவர்களிடமிருந்து உங்களுக்கே திரும்பத் தொற்றும். எல்லோரும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். மருத்துவர் சொன்ன இடைவெளியில் இரண்டாம் முறையும் போட மறக்க வேண்டாம். அதன் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும், அதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்தும் புதிதாகக் கோடுகள் வந்தால், சொறிந்துவிடாமல் அப்படியே மருத்துவரிடம் காட்டி, அந்தக் கோட்டிலிருந்தே மறுபடி சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.