பிள்ளையிடம், பெற்றோரிடம், ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது? பள்ளி உதவியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வரும் சிறப்புப் பயிற்றுநர், பகல்நேர மையத்தின் உதவியாளர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், தனியார் பள்ளியில் ஒரே பிள்ளையோடு கூடவே இருந்து உதவும் ஷேடோ டீச்சர், ஆயாம்மா என்று அந்த வரிசை நீளும். பயிற்சி என்று கூப்பிட்டால் படிவம் நிரப்பச் சொல்லித் தருவார்கள். பேசுவதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்ப்பவள் என்ற முறையில், பேச்சு தொடர்பான சிக்கல்களை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

அக்கா, நான் தனியார் பள்ளியில் ஷேடோ டீச்சர். நான் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் தரையில் படுத்துக் கத்துகிறான். "ஒன்றுமில்லை கண்ணா, எழுந்திரு, எல்லாரும் பார்க்கிறாங்க பார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கத்தல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. — கோயம்புத்தூர்

முதலில் சமாதானம் சொல்வதை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அவன் காதில் ஏற்கெனவே தாங்க முடியாத அளவு சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் குரல் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அதுவும் ஒரு சத்தம்தான். பக்கத்தில் உட்காருங்கள். தலையில் இடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகளை நகர்த்துங்கள். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு சொல் போதும்: "நான் இருக்கேன்." அதையும் பத்துத் தடவை சொல்ல வேண்டாம். "எல்லாரும் பார்க்கிறாங்க" என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அது அவனுக்கு உதவாது. வேடிக்கை பார்க்காதவர்களையும் பார்க்க வைக்கும், அவ்வளவுதான்.

அடுத்த வேலை கத்தல் முடிந்த பிறகு. ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. ஒரு வாரம் எழுதினாலே ஏதாவது பிடிபடும். மணிச் சத்தமா, சாப்பாட்டுக் கூடத்தின் வாசனையா, பாதியில் விட்ட வேலையா என்று பாருங்கள். "அடம் பிடித்தான்" என்று எழுதாதீர்கள். "ஓவிய நோட்டை வாங்கி வைத்தேன், இரண்டு நிமிடத்தில் படுத்தான்" என்று எழுதுங்கள். முதலாவது உங்கள் தீர்ப்பு. இரண்டாவதை வைத்துத்தான் வேலை செய்ய முடியும்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் காரணம் என்று தெரிந்தால் படத்துக்குப் போங்கள். சொல் காற்றில் போய்விடும், படம் அங்கேயே இருக்கும். காலையிலிருந்து என்னென்ன நடக்கும் என்பதைப் படமாக ஒட்டி, முடிந்ததை அவனையே எடுத்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பேச்சு வராத பிள்ளை தனக்கு வேண்டியதன் அட்டையை எடுத்து நம் கையில் கொடுத்துக் கேட்கும் 'பெக்ஸ்' முறையை அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-ல் உருவாக்கினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பிள்ளைதான் முதலில் பேச்சைத் தொடங்கும். நாம் "என்ன வேணும், என்ன வேணும்" என்று துளைப்பது அங்கே கிடையாது. அதை முறையாகச் செய்யப் பயிற்சி வேண்டும். ஆனால் தண்ணீர், கழிப்பறை, "போதும்" என்று மூன்று அட்டை செய்து கழுத்து அட்டையில் மாட்டிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். "போதும்" அட்டை முக்கியம். அதைக் காட்டினால் நிஜமாகவே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அட்டை இருக்கிற இடத்தில் கத்தல்தான் வரும்.

மேடம், இல்லம் தேடிக் கல்வியில் இருந்தேன், இப்போதும் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லித் தருகிறேன். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "புரிஞ்சுதா?" என்றால் மட்டும் கோரஸாக "புரிஞ்சுது மிஸ்". — விழுப்புரம் மாவட்டம்

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று நொடி என்பது படிக்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். வகுப்பில் நின்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும். அந்தச் சங்கடம் தாங்காமல்தான் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

"புரிஞ்சுதா?" கேள்வியே இல்லை. அதற்கு "இல்லை" என்று சொல்லத் துணியும் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். "இதை உன் தம்பிக்கு எப்படிச் சொல்லுவே?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் "அடுத்த கணக்கைப் பலகையில் போடு, நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வரும் அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் கற்றல் நிலையின் பெயர்கள். பிள்ளையைப் பார்த்து "நீ இன்னும் அரும்புதானே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நல்ல பெயரையும் திட்டாக்கிவிட நம்மால் முடியும்.

இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை. எழுத்து தலைகீழாக வருகிறது, ஒரு வேலையில் நிற்பதில்லை. பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்க்கும் மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துவரச் சொன்னால் அம்மா "என் பிள்ளை பைத்தியமா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? — சிறப்புப் பயிற்றுநர், தென்காசி

எங்கே வைத்துச் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. பள்ளி வாசலில், மற்ற அம்மாக்கள் நிற்கும்போது சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உட்கார இடமும் கால் மணி நேரமும் இல்லாமல் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது.

முகாமை முதல் சந்திப்பில் பேச வேண்டாம். முதலில் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லுங்கள். அது நிஜமாக இருக்க வேண்டும். "நல்ல பொண்ணு" என்றால் எல்லாருக்கும் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியும். "கதை சொன்னால் அடுத்து என்ன வரும் என்று முதலில் சொல்வது உங்கள் பிள்ளைதான்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு நீங்கள் பார்த்தது: "பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் நாலு சொல்லில் நின்றுவிடுகிறாள், எழுத்து இடம் மாறுகிறது." இந்தக் கோளாறு, அந்தக் குறைபாடு என்று பெயர் வைக்காதீர்கள். அது மருத்துவரின் வேலை, நம் வேலை இல்லை. அப்புறம் கேள்வி: "வீட்டில் எப்படி இருக்கிறாள்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கு இது முன்பே தெரியும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்.

சண்டைக்கு அடியில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும்: சீட்டைக் கிழித்து வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும். இரண்டாவதற்கு என்னிடம் உடனடி மருந்து இல்லை. முதலாவதற்குச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. "மதிப்பீடு செய்தாலும் உங்கள் பிள்ளை இதே வகுப்பில், இதே பெஞ்சில்தான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த வீட்டில் முடிவெடுப்பது யார் என்று விசாரியுங்கள். அப்பா வெளிநாட்டில் இருக்கலாம், பேச்சு பாட்டி கையில் இருக்கலாம். அம்மாவைச் சம்மதிக்க வைத்து அனுப்பினால், வீட்டில் போய் அவர்தான் தனியாக வாதாட வேண்டியிருக்கும். பாட்டியையும் வரச் சொல்லுங்கள். இப்போது நடந்ததற்கு என்ன செய்வது என்றால், ஒரு வாரம் விடுங்கள். பிள்ளை நன்றாகச் செய்த ஒரு வேலையை அம்மாவிடம் காட்டி மறுபடி தொடங்குங்கள்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளை "வா, போ" என்பதா, "வாங்க, போங்க" என்பதா? — ராமநாதபுரம்

உங்கள் ஊரில் பாசமாக எது ஒலிக்கிறதோ அது. ஆனால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தலைமையாசிரியர் மகளுக்கு "வாம்மா", குடிசைப் பையனுக்கு "ஏய் வாடா" என்றால் பிள்ளைகள் அந்தக் கணக்கை உடனே போட்டுவிடுவார்கள். சாதிப் பெயரோ அப்பா பெயரோ சொல்லிக் கூப்பிடுவது எந்த ஊரிலும் பாசம் இல்லை.

வகுப்பாசிரியர் என்னை ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் அனுப்புகிறார். பிள்ளைக்கு உதவத்தான் வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பகைத்துக்கொள்ளவும் முடியாது. — சேலம்

பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள், ஓய்வறையில் மற்ற ஆசிரியர்கள் முன்னாலும் வேண்டாம். காலையில் இரண்டு நிமிடம் கேளுங்கள்: "டீச்சர், இன்னைக்குக் கணக்குப் பாடத்தில் இவன் எந்த அளவு செய்தால் போதும்? நான் அதற்குத் தயார் செய்து வைக்கிறேன்." இரண்டு வாரம் இதைக் கேட்டால், உங்களுக்கு வகுப்பில் ஒரு வேலை இருக்கிறது என்பது அவருக்கே பழகிவிடும். அதற்குப் பிறகு டீ என்றால், "பத்து நிமிடம் கழித்துப் போகட்டுமா, இவன் பாதியில் இருக்கிறான்" என்று சொல்ல உங்களுக்கு இடம் கிடைக்கும். முழு வகுப்பையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறவருக்கு எடுபிடிக்கு ஆள் தேவைப்படுவது புரிகிறது. அதற்காக நீங்களே எடுபிடி ஆகிவிட வேண்டாம். மாறவே இல்லை என்றால், உங்கள் பணி விவரம் எழுதிய தாளோடு தலைமையாசிரியரிடம் போங்கள். புகாராகப் போகாதீர்கள், "எது முதலில் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் போங்கள்.

ஒரு பிள்ளை என்னிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னாள். உறவினர் ஒருவர் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறாராம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்றாள். என்ன செய்ய? — பெயர், ஊர் வேண்டாம்

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே அவளிடம் போய், "உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்கள் ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லுங்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்பதும் அவள் காதில் விழ வேண்டும். அதற்கு மேல் துருவாதீர்கள். "அப்புறம் என்ன பண்ணினான், எத்தனை தடவை" என்றெல்லாம் கேட்டால், பின்னால் விசாரிப்பவர்களுக்கு அவள் வாக்குமூலம் குழம்பிப்போகும். அவளுக்கும் அது இன்னொரு காயம். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். கொச்சையாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிலோ தகவல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. அவர் "பார்த்துக்கலாம்" என்றால் நீங்களே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். அந்த உறவினரைக் கூப்பிட்டுக் கேட்பது, வீட்டில் பஞ்சாயத்து வைப்பது, ஓய்வறையில் தோழியிடம் சொல்லி அழுவது எதுவும் வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

காது கேளாத பையன், கருவி போட்டிருக்கிறான். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான் என்கிறார்கள். ஆனால் பாதிக்குப் பாதி தப்பாகச் செய்கிறான். — தஞ்சாவூர்

கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் "பாடு" என்று சொல்லுங்கள், அப்புறம் "மாடு". உதட்டில் வித்தியாசமே தெரியாது. க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறப்பவை, வெளியே தெரிவதே இல்லை. அவன் மீதியை ஊகித்துத்தான் ஓட்டுகிறான். அது களைப்பான வேலை. எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதியோ காட்டியோ விடுங்கள். ஊகம் எளிதாகும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும். பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். கத்தினாலும் வாயைப் பெரிதாகத் திறந்தாலும் உதட்டின் வடிவம்தான் கெடும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். அவனுக்குச் சைகை தெரியும் என்றால், நீங்களும் வகுப்புப் பிள்ளைகளும் அவனிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

செங்கல் சூளைப் பிள்ளைகள், ஒடியா மட்டும்தான் தெரியும். வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். — திருவள்ளூர்

அவர்கள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள், அது முதல் நாள் வேலை. "தண்ணி வேணும், வயிறு வலிக்குது, கழிப்பறை, புரியல" இவற்றை ஒடியாவில் எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சொல்லித் தரும் இடத்தில் இருந்தால் பிள்ளைக்குக் கூச்சம் விட்டுப்போகும். தமிழ் தெரியாது என்பதற்காகப் பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க விடாதீர்கள். கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், எண்ணுக்கு மொழி குறைவு.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சக்கர நாற்காலிப் பிள்ளையின் படத்தைப் போட்டுப் பாராட்டினேன். அவள் அப்பா கோபப்பட்டார். — மதுரை

அவர் கோபம் நியாயம். படத்தை நீக்கிவிட்டு நேரில் போய் வருத்தம் சொல்லுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய செய்தி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும், பாராட்டாக இருந்தாலும்.

ஆறாம் வகுப்புப் பையன், திக்குவாய். வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. அவனை வாசிக்கவே விடாமல் இருப்பதா? — வகுப்பு உதவியாளர், நாகர்கோவில்

அதை அவனிடமே, தனியாகக் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு வாசிக்கப் பிடிக்கும், திடீரென்று பெயர் கூப்பிடுவதுதான் பிடிக்காது. "நாளைக்கு மூன்றாவது பத்தி உனக்கு" என்று முதல் நாளே சொல்லிவிடலாம். பலருக்கு இன்னொருவரோடு சேர்ந்து வாசித்தால் திக்கல் வெகுவாகக் குறையும். அதனால் வகுப்பில் எல்லாரையுமே இரண்டிரண்டு பேராக வாசிக்க வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள், இவன் மட்டும் தனியாகத் தெரிய மாட்டான். சொல் சிக்கும்போது நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவா, மூச்சு விட்டுப் பேசு" என்பதும் வேண்டாம், அவன் அதை வீட்டில் ஆயிரம் தடவை கேட்டிருப்பான். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். சிரிக்கிறவர்களிடம் அவன் இல்லாத நேரத்தில் பேசுங்கள், அவன் இருக்கும்போது பேசினால் அதுவும் அவனைக் காட்டிக்கொடுப்பதுதான். பேச்சுப் பயிற்சியாளர் உங்கள் வட்டார வள மையத்துக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அவன் அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.