உங்கள் ஊரில் முன்பு மருத்துவமனையாக இருந்த கட்டடம் இப்போது எதற்குப் பயன்படுகிறது?

இலங்கையர் பலருக்கு இந்தக் கேள்வியைக் கண்டதும் கொழும்புக் கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலைதான் நினைவுக்கு வரும். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டியது. இரண்டு முற்றங்கள், அரை மீற்றர் தடித்த சுவர்கள், தேக்கு உத்தரங்கள். பின்னாளில் பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்தது. 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. நானும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அதைக் காப்பாற்றி வைத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் என் ஊர் மட்டக்களப்பு. எங்கள் வாவியின் நடுவே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை வைப்பதற்கென்று வைத்தியசாலை கட்டிய சிறு தீவு. தோணியில்தான் போக வேண்டும். சின்ன வயதில் வாவிக்கரையில் நின்று அந்தப் பக்கம் விரல் நீட்டினால் அம்மம்மா உடனே கையைத் தட்டிவிடுவார். "விரலை மடக்கு" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. அந்த நோயில் விரல்கள் மடங்கிப்போகும் என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

தொழுநோயாளரை ஒதுக்கி வைப்பது எங்கள் நாட்டில் பழைய வழக்கம். கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை 1708ஐச் சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1901இல், நோயாளரைப் பிரித்து வைப்பதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. மாந்தீவு அதற்குப் பின்னர், அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. இங்கே மதில் கட்ட வேண்டியிருக்கவில்லை. சுற்றியிருந்த தண்ணீரே போதுமாக இருந்தது.

வைத்தியசாலை என்று எழுதினாலும், கொடுப்பதற்கு அன்று உருப்படியான மருந்து இல்லை. உலகெங்கும் அப்போது நம்பப்பட்டது நீரடிமுத்து எண்ணெய். ஊசியாகவும் ஏற்றினார்கள், குடிக்கவும் கொடுத்தார்கள். குமட்டலும் வலியும் நிச்சயம், குணம் நிச்சயமில்லை. ஆகவே ஆரம்பத்தில் அந்தக் கட்டடங்களின் உண்மையான வேலை சிகிச்சை அல்ல, காவல். 1940களில் டாப்சோன் என்ற மருந்து வந்த பிறகுதான் வைத்தியசாலை என்ற பெயருக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது. 1983இல் இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமைன் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் குணம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு அதன் பிறகு மருத்துவக் காரணம் எதுவுமே இல்லை.

இருந்தும் சிலர் மாந்தீவை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டடங்களின் வரலாற்றில் என் மனதை அதிகம் தொடும் காலம் இதுதான். குணமானவர்கள் அங்கேயே தங்கி முதுமையடைந்தார்கள். காவல் இடமாக இருந்து வைத்தியசாலையான கட்டடம், பெயர்ப்பலகை மாறாமலே அவர்களுக்கு வீடாகிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன், பொங்கலையொட்டிச் சாரமும் சேலையும் கொண்டுபோன ஒரு குழுவோடு நானும் போனேன். அப்போது அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள். ஒரு முதியவர் தன் சகோதரியின் மகளுடைய கலியாணத்தைப் பற்றி நெடுநேரம் சொன்னார். மாப்பிள்ளை வீடு எந்த ஊர், பந்தலில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சேமித்து வைத்த பணத்தையும் அனுப்பியிருக்கிறார். "நீங்கள் போகவில்லையா ஐயா?" என்று கேட்டேன். "நான் போய் உட்கார்ந்தால் பந்தி எழுந்துவிடும், தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. அவருக்கு நோய் மாறி அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி அந்த இடத்தை என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்டால், உல்லாச விடுதி என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். கொழும்பு ஒல்லாந்தர் வைத்தியசாலையில் படுத்திருந்தவர்களை நினைத்து அழுவதற்கு இன்று யாரும் இல்லை. மாந்தீவில் இருந்தவர்களின் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் எங்கள் ஊர்களில்தான் இருக்கிறார்கள். நோயாளர் தங்கிய விடுதி ஒன்றையாவது கட்டில்களோடு அப்படியே வைத்து, பள்ளிப் பிள்ளைகளைத் தோணியில் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் அந்தத் தீவை விரல் நீட்டித்தான் காட்டுகிறேன்.

கட்டடம் வெறுமையானாலும் அதன் பெயர் இன்னும் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை. தேசிய அளவில் தொழுநோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற நிலையை நாடு எட்டியது 1995இல். ஆனால் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகிறார்கள், எங்கள் கிழக்கிலும்தான். மாந்தீவு என்ற பேச்சு காதில் விழுந்தே வளர்ந்தவர்கள் தோலில் தேமல் போன்ற ஒன்றைக் கண்டால் சட்டையால் மூடிக்கொள்கிறார்கள். அப்படித் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நரம்பு கெடுகிறது, விரல் மடங்குகிறது. வெளிறிய அல்லது சற்றே சிவந்த படை ஒன்று தோலில் இருந்து, அதைத் தொட்டாலோ கிள்ளினாலோ உணர்ச்சி தெரியவில்லை என்றால் அரச வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். மருந்து இலவசம். வீட்டிலிருந்தபடியே, வேலைக்குப் போய்க்கொண்டே குடிக்கலாம். உங்களை யாரும் தோணியில் ஏற்றமாட்டார்கள்.