குவாண்டம் கணினி வந்தால் என் பிட்காயின் என்னவாகும்?

கேள்வி: ஆறு வருடமாக மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்கி, என் ஹார்டுவேர் வாலட்டில் 1 என்று தொடங்கும் ஒரே முகவரிக்கு அனுப்பி வைக்கிறேன். போன வருடம் அதிலிருந்து கொஞ்சம் விற்றேன். இன்று என் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு இதில்தான். குவாண்டம் கணினி இதையெல்லாம் உடைத்துவிடும் என்கிறார்கள். விற்றுவிடவா? ‘குவாண்டம் பாதுகாப்பு’ உள்ள வேறு நாணயத்துக்கு மாறச் சொல்கிறார் நண்பர்.

பதில்: பயந்து விற்க வேண்டாம். நண்பர் சொல்வதும் வேண்டாம். நாணயத்துக்கு நாணயம் மாற்றுவதைப் பல நாடுகளில் விற்பனையாகவே கருதி வரி போடுவார்கள். போதாததற்கு, அந்தச் சிறு நாணயத்தை நாளை வாங்க ஆள் வேண்டுமே. ஆனால் அந்த ஒரே முகவரிப் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

பிட்காயினுக்கு இரண்டு சாவி: செலவழிக்க உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவி, அதைச் சரிபார்க்கப் பிறருக்குக் காட்டும் பொதுச் சாவி. உங்கள் முகவரி என்பது பொதுச் சாவி அல்ல, அதன் ஹாஷ், அதாவது அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு குறி. அதிலிருந்து நாணயத்தைச் செலவழிக்கும்வரை சாவி மறைந்தே இருக்கும். போன வருடம் விற்றபோது கையொப்பத்தோடு பொதுச் சாவியும் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி அழிக்க முடியாது. பீட்டர் ஷோர் 1994-ல் தந்த வழிமுறை, போதுமான பெரிய குவாண்டம் கணினி கிடைத்தால், பொதுச் சாவியிலிருந்து தனிச் சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடும். ஹாஷை அதனால் திருப்ப முடியாது. புது நாணயம் உருவாக்கும் மைனிங்குக்கும் இதனால் உடனடி ஆபத்தில்லை.

அவ்வளவு பெரிய இயந்திரம் இன்று இல்லை. பிட்காயின் சாவியை உடைக்கப் பிழையற்ற க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) சுமார் 2,330 வேண்டும் என்பது 2017-ல் வந்த கணக்கு; அப்படி ஒன்றை உருவாக்கவே சாதாரண க்யூபிட்கள் நூற்றுக்கணக்கில் தேவை. 2024 டிசம்பரில் கூகுள் காட்டிய வில்லோ சிப்பில் இருந்தவை 105 சாதாரண க்யூபிட்கள். ஆனால் தேவை குறைந்துகொண்டே வருகிறது: இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ-2048 என்ற குறியாக்கத்தை உடைக்க 2 கோடி க்யூபிட் என்று 2019-ல் போட்ட மதிப்பீடு, 2025-ல் 10 லட்சத்துக்குள் வந்துவிட்டது.

இதற்குத் தீர்வு, குவாண்டம் கணினிக்கும் உடையாத புதிய முறைகளுக்கு மாறுவது. வங்கி என்றால் சர்வரில் மாற்றிவிட்டுப் போய்விடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதற்கான புதிய தரங்களை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டிலேயே வெளியிட்டது. பிட்காயினில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். புதிய கையொப்பங்களும் பெரியவை: இன்று சுமார் 72 பைட், நிஸ்ட் தரங்களில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏவில் குறைந்தது 2,420 பைட்.

இனி செய்ய வேண்டியது. வாலட்டில் பிசி1க்யூ (bc1q) என்று தொடங்கும் முகவரி வகையில் புதுக் கணக்கு திறங்கள். பிசி1பி (bc1p) வகை புதியது என்பதற்காக அதை எடுக்காதீர்கள். அதில் பொதுச் சாவி முகவரியிலேயே வெளியே தெரியும். வாலட்டை மீட்க எழுதி வைத்த அதே சீட் வார்த்தைகள் புதுக் கணக்குக்கும் போதும். முகவரியைச் சாதனத் திரையில் சரிபார்த்து, முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். வந்ததும் மீதி முழுவதையும் அனுப்புங்கள். பழைய முகவரிக்குச் சில்லறை திரும்பினால் செய்ததில் பயனில்லை.

கட்டணம்தான் பலர் தடுக்கி விழும் இடம். மாதாமாதம் வந்தவை தனித்தனித் துண்டுகளாகவே கிடக்கின்றன. துண்டுக்கு 148 பைட் வீதம், 70 துண்டு என்றால் சுமார் 10,360 பைட். பைட்டுக்கு 2 சடோஷி (பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு) நாளில் 20,720 சடோஷி. 50 சடோஷி நாளில் 5,18,000. நெரிசல் இல்லாத நாளுக்குக் காத்திருங்கள், அவசரமில்லை. பிறகு ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி. கணக்கின் எக்ஸ்பப் என்ற தலைமைப் பொதுச் சாவியை எந்தப் போர்ட்ஃபோலியோ செயலிக்கும் கொடுக்காதீர்கள். எல்லாப் பொதுச் சாவிகளும் அதற்குள் இருக்கின்றன. ‘குவாண்டம் அப்டேட்’ என்று சீட் வார்த்தைகளைக் கேட்பவர் திருடர்.

இதில் தீராதது விலை ஆபத்து. 2009, 2010-ல் பொதுச் சாவி வெளியே தெரியும்படி மைனிங் செய்த நாணயங்கள் அப்படியே கிடக்கின்றன. யாராவது அவற்றை எடுத்து விற்றால், உங்கள் சாவி பத்திரமாக இருந்தாலும் விலை விழும். ஐந்தில் ஒரு பங்கு என் கணக்கில் அதிகம். இருபதில் ஒரு பங்கு போதும். அடுத்த ஐந்து வருடத்தில் தேவைப்படும் பணம் இதில் இருக்கவே கூடாது. குறைப்பதென்றால், மீதியை மாற்றும் அதே பரிமாற்றத்தில் இரண்டாவது பெறுநராக எக்ஸ்சேஞ்ச் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். 70 துண்டுக்கும் கட்டணம் ஒரு முறைதான்.