கொல்லிமலைல மூணு நாளு, பதினோரு ஸ்பாட்டா? – அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, ஆகஸ்ட்ல மூணு நாள் லீவு வருது, கொல்லிமலை போறோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு (9 வயசு, 13 வயசு), மாமியார். அத்தைக்கு 66 வயசு, முட்டி வலி இருக்கு. இவரு வீடியோ பாத்துப் பாத்து பதினோரு இடம் லிஸ்ட் போட்டு வச்சிருக்காரு, அதுலயும் போன அன்னைக்கே ஆகாய கங்கை அருவிக்கு இறங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. பெரியவனுக்கு கார்ல ஏறுனாலே வாந்தி. எப்படி பிளான் பண்றதுன்னு சொல்லுங்க. – ஈரோடு வாசகி

பதில்: லிஸ்ட கிழிச்சுப் போடுங்கன்னு சொன்னா உங்க வீட்டுக்காரர் என்னைத் திட்டுவாரு, அதனால மடிச்சு பாக்கெட்லயே வச்சுக்கச் சொல்லுங்க. பதினோரு இடம்னா பாதி நாள் கார்லயே போயிடும்மா, வாந்தி எடுக்குற புள்ளய வச்சுகிட்டு அது எதுக்கு? ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலை, மீதி நேரம் சும்மா நடக்கிறது, சாப்பிடுறது, தூங்குறது. அவ்ளோதான் என்னோட பிளான்.

மொதல்ல தேதியப் பாருங்க. ஆகஸ்ட் தொடக்கத்துல ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், செம்மேடு பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தப் பாக்கணும்னே போனா சூப்பரா இருக்கும், அமைதியா இருந்துட்டு வரணும்னா அந்த ரெண்டு நாளையும் தாண்டிப் போங்க. (ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சான்னு சங்கப் பாட்டுல வருதே, அந்த ஓரிதான். சின்னவனுக்கு ராத்திரி கதை சொல்ல ஆச்சு.)

மொத நாள் வேலை மலை ஏறுறது மட்டும்தான். காரவள்ளில ஆரம்பிச்சு சோளக்காடு போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கும். சின்னவன எண்ணச் சொல்லிடுங்க, வாய் சும்மா இருக்கும். பெரியவன முன் சீட்ல உக்கார வச்சு, போனப் புடுங்கி வச்சுட்டு, தூரத்துல ரோடு போற பக்கம் பாக்கச் சொல்லுங்க. கண்ணு ஸ்கிரீன்ல நிலையா நிக்கும், காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு ஆடுது ஆடுதுன்னு சொல்லும், இந்த ரெண்டும் ஒத்துப் போகாமதான் குமட்டுறதே. வெறும் வயித்தோடயும் வேணாம், பூரி கிழங்கும் வேணாம், ரெண்டு இட்லி போதும். மாத்திரை குடுக்குறதா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, இருபதாவது வளைவுல குடுத்தா அதுவும் சேந்து வெளிய வந்துடும்.

மேல போனதும் சோளக்காட்டுச் சந்தைல இறங்குங்க. மிளகு, மலை வாழப்பழம், அன்னாசி, சீசன் இருந்தா பலாச்சுளை. அங்கயே முடவாட்டுக்கால் கிழங்குன்னு ஒண்ணு விப்பாங்க, தூரத்துல இருந்து பாத்தா ஆட்டுக்கால அடுக்கி வச்ச மாதிரியே இருக்கும், மேல பழுப்பு கலர்ல முடி முடியா வேற இருக்கும். உண்மைல அது பாறைலயும் மரத்துலயும் ஒட்டி வளர்ற ஒரு பெரணிச் செடியோட தண்டு. கத்தியால முடியச் சுரண்டிட்டு, தட்டி, மிளகு சீரகம் பூண்டு போட்டுக் கொதிக்க விட்டு சூப்பா குடுப்பாங்க. அத்தை முட்டிக்கு இதுதான் மருந்துன்னு விக்கிறவங்க அடிச்சுச் சொல்லுவாங்க. குளுருக்கு இதமா ஒரு டம்ளர் குடிக்கட்டும், ஆனா டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரைய நிறுத்திட வேணாம்.

ஆகாய கங்கை ரெண்டாவது நாள் காலைல. ஏன்னு சொல்றேன். ஆயிரத்துக்கு மேல படி, எறங்கும்போது ஈஸியாத்தான் இருக்கும், "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பாரு பாருங்க. நானும் அப்படித்தான் அரை லிட்டர் பாட்டில் ஒண்ணோட எறங்குனேன். படி எல்லாம் ஒரே அளவு கிடையாது, ஒண்ணு அரை அடி, அடுத்தது தொபுக்குன்னு ஒண்ணேகால் அடி. பாதி தாண்டுனதுமே அருவி சத்தம் கேக்க ஆரம்பிச்சுடும், ஆனா அருவி மட்டும் கண்ணுல படாது. கடைசில ஒரு திருப்பம் திரும்புனா கிட்டத்தட்ட 300 அடி உயரத்துல இருந்து கொட்டுது, பக்கத்துல போகவே வேணாம், சாரல் அடிச்சே நனைஞ்சுடுறோம், எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சி தெரியல, கத்துனாலும் கேக்கல. அந்த இடம் சத்தியமா ஆகாயத்துல இருந்து கொட்டுற மாதிரிதான் இருந்துச்சு. திரும்பி ஏறும்போதுதான் வினை. மூச்சு வாங்குது, தண்ணி காலி, தொடை ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது, என் வயசுல பாதி இருக்குற பசங்க எல்லாம் படில படுத்துக் கிடக்காங்க. அதவிட, வலி அன்னைக்கு வராது, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் வரும். படி எறங்கும்போது தொடைச் சதை இழுபட்டுகிட்டே வேலை செய்யுது பாருங்க, அதோட வேலை. மொத நாளே எறங்கிட்டா மீதி ரெண்டு நாளும் நொண்டிகிட்டே சுத்தணும். கடைசி நாள் எறங்குனா, ஆடுற காலோட கிளட்ச் மிதிச்சு 70 வளைவு எறங்கணும், அது அத விட மோசம். ரெண்டாவது நாள் போயிட்டு வந்து, எண்ணெய் தேச்சு, சாப்பிட்டுத் தூங்கிடுங்க.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, கடலை மிட்டாய், பிடிமானம் உள்ள செருப்பு. சீக்கிரம் கிளம்புங்க, சாயங்காலம் ஆயிட்டா கீழ விடமாட்டாங்க, மழைல தண்ணி ஜாஸ்தி ஆனாலும் அடைச்சுடுவாங்க, அப்போ கெஞ்சாம திரும்பிடுங்க.

அத்தையக் கண்டிப்பா எறக்காதீங்க, "நாலு படி மட்டும்"னு சொன்னாலும் வேணாம். படி ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கு, தேவாரத்துல பேர் வர்ற பழைய கோயில். நீங்க போய் வர எப்படியும் மூணு மணி நேரம் ஆகும், ஒரு ஆள் அவங்க கூட இருங்க. அது யாருன்னு இப்பவே பேசி முடிவு பண்ணிடுங்க, அங்க போய்ப் பேசுனா சண்டை வரும், கடைசில மருமகதான் உக்காரணும்னு ஆயிடும், எனக்குத் தெரியாதா!

மூணாவது நாள் வாசலூர்பட்டில போட்டிங், நேரம் இருந்தா சீக்குப்பாறை வியூ பாயிண்ட், அத்தையும் வரலாம். எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வரச் சொல்லுங்க, தேவைப்பட்டா மொத கியர். பிரேக்க மட்டும் மிதிச்சுகிட்டே வந்தா சூடாகிப் பிடிக்காமப் போயிடும். ஒரு தடவ வாடகை கார்ல வரும்போது ரப்பர் எரியுற மாதிரி வாசம் அடிச்சுது, டிரைவர் கேட்டா "அது முன்னாடி போற லாரிங்க"ன்னாரு, முன்னாடி லாரியே இல்ல. நிறுத்தச் சொல்லி அரை மணி நேரம் ஓரமா உக்காந்துட்டுதான் கிளம்புனோம். இன்னொண்ணு, மலை ரோட்ல ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, எறங்குறவங்கதான் ஒதுங்கணும்.

கேள்வி: பிரெண்ட்ஸ் நாலு பேரு தேனி பக்கம் மலைல டிரெக்கிங் போகலாம்னு இருக்கோம். பர்மிஷன் எல்லாம் தேவையாக்கா? லோக்கல் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. – மதுரை வாசகர்

பதில்: தேவை தம்பி, ரொம்பத் தேவை. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணில என்ன ஆச்சுன்னு உங்க வீட்ல கேளுங்க. காட்டுத்தீல மாட்டி இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. காய்ஞ்ச புல்லுல தீ மேட்டப் பாத்து ஏறுற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஆரம்பிச்சு 40 பாதை திறந்து விட்டிருக்காங்க, ஆன்லைன்லயே புக் பண்ணிக்கலாம், அந்தந்த ஊரு பசங்களே கைடா வருவாங்க. தீ சீசன்ல மூடிடுவாங்க, அப்போ வேற ஊருக்குப் போங்க. அந்த லோக்கல் ஆளுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சுடுங்க.

கேள்வி: ஊட்டிக்கு இ-பாஸ் இன்னும் இருக்கா? – கோவை வாசகி

பதில்: ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டு வந்தது, சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு கணக்கும் வச்சாங்க. ரூல் மாறிகிட்டே இருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க. அரசு பஸ்ல போனா இந்தத் தலைவலியே இல்ல.

கேள்வி: மே மாசம் ஏற்காட்டுக்கு ஸ்வெட்டர் வேணுமா? கிளியூர் அருவில குளிக்கலாமா? – திருச்சி வாசகர்

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு ஆறரை டிகிரி குறையும்னு ஒரு கணக்கு இருக்கு. சேலத்த விட ஏற்காடு ஏறக்குறைய 1200 மீட்டர் மேல, அப்போ எட்டு டிகிரி. கீழ 37ன்னா மேல 29, ஸ்வெட்டர் எதுக்கு? ராத்திரிக்கு பசங்களுக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக்கோங்க. கிளியூர்ல மழை முடிஞ்ச கையோட போனாத்தான் தண்ணி, மே மாசம் பெரும்பாலும் பாறையப் பாத்துட்டுதான் வருவீங்க. துண்ட வீட்லயே வச்சுட்டுப் போங்க.