வாளையாருக்கு மேற்கே: வாசகர் கேள்வி – பதில்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுத்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு, வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம், கேரளத்தில், நின்றன. கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தமிழ்தான். அலுவலகக் காகிதம் மட்டும் மலையாளம். அங்கிருந்து வரும் கேள்விகள் பலவற்றுக்கு ஒரே வேர்: காரியம் எந்த மண்ணில் நடக்கிறதோ, பெரும்பாலும் அந்த மண்ணின் சட்டமே செல்லும்.

கே: கொழிஞ்சாம்பாறை அருகே 12 சென்ட் இடம் விலை பேசியிருக்கிறோம். பட்டா கேட்டால் விற்பவர் கரம் அடைத்த ரசீதைத்தான் நீட்டுகிறார். நம்பி வாங்கலாங்களா? வீடு கட்ட முடியுமா? – வாசகர், பொள்ளாச்சி

ப: ரசீதைக் காட்டியதில் தப்பில்லைங்க. தமிழ்நாட்டில் பட்டா செய்கிற வேலையைக் கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸின் தண்டப்பேர் கணக்கும் (யார் பெயரில் எந்த இடம் என்ற கணக்கு) நிலவரி ரசீதும் சேர்ந்து செய்கின்றன. அங்கே பட்டயம் என்றால் அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலத்துக்கான ஆவணம். எல்லா இடத்துக்கும் அது இருக்காது. இருந்தால் அதிலுள்ள நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று கொடுத்த மண்ணில் கடை கட்டினால் வம்பு.

ரசீதைவிட முக்கியமானது, இடம் எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பது. ஆதாரத்திலும் (அங்கே கிரையப் பத்திரத்துக்கு அதுதான் பெயர்) வில்லேஜ் ஆபீஸில் உள்ள அடிப்படை வரிப் பதிவேட்டிலும் பாருங்கள். 'புரயிடம்' என்றிருந்தால் அது கரைப்பூமி. பஞ்சாயத்து அனுமதி வாங்கி வீடு கட்டலாம். 'நிலம்' என்றிருந்தால் நெல்வயல். நம் பக்கத்திலிருந்து போய் வாங்குகிறவர்கள் மோசம் போவது இந்த இடத்தில்தான். நிலத்தைத்தானே வாங்குகிறோம் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கட்டட அனுமதி கேட்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. இன்று தென்னை நின்றாலும் பதிவேட்டில் வயல் என்றால் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

அடுத்து கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகம்) போய் அந்த சர்வே எண் டேட்டா பேங்கில் (நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவேட்டில் வயல், டேட்டா பேங்கில் இல்லை, 2008-க்கு முன்பே மேடாக்கியது என்றால், தரம் மாற்றத்துக்குப் படிவம் 6-இல் வருவாய்த் துறைக்கு விண்ணப்பிக்கலாம். 50 சென்ட்டுக்கு மேல் என்றால் படிவம் 7. டேட்டா பேங்கில் தவறாகச் சேர்ந்துவிட்ட இடத்தை நீக்கப் படிவம் 5. இந்த மூன்றும் விற்பவர் தலையில் இருக்கட்டும். உத்தரவு கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். சொந்த வீட்டுக்கு 10 சென்ட் வரை சலுகை உண்டு என்று தரகர் சொல்வார். வேறு இடமில்லாத வயல் உரிமையாளருக்கு நிபந்தனைகளோடு உள்ள வழி அது. புதிதாக வாங்குகிறவர் அதை நம்பி இறங்க வேண்டாம்.

அளவும் கவனம். அங்கே ஆவணங்கள் ஆர் கணக்கில் இருக்கும். 1 ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். உங்கள் 12 சென்ட் 4.86 ஆர், ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று மூன்று கட்டம் போட்ட காகிதத்தில் அது 0 – 04 – 86. கடைசிக் கட்டத்தில் 68 என்று மாறி விழுந்திருந்தால் அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். பழைய சர்வே எண், ரீசர்வே எண், பிளாக் எண் மூன்றும் முன்னாதாரத்தோடு (முந்தைய கிரையப் பத்திரம்) பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். பதிவுக்குப் பின் பெயர் மாற்றம் தேங்கிக் கிடப்பது பெரும்பாலும் இந்த எண்கள் இடிப்பதால்தான்.

வில்லங்கச் சான்றை அங்கே குடிக்கட சர்ட்டிபிகேட் என்பார்கள். 30 வருடத்துக்கு எடுங்கள். கைவசச் சான்று, இடத்தின் ஸ்கெட்ச், நடப்பு ஆண்டு வரி ரசீது ஆகியவற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 6 லட்சம் என்றால் 48,000-மும் 12,000-மும். அரசு வைத்த நியாய விலை (நம் வழிகாட்டி மதிப்பு) அதைவிட அதிகமாக இருந்தால் கணக்கு அதன்மேல். பத்திரம் முடிந்ததோடு நின்றுவிடாதீர்கள். போக்குவரவு, அதாவது நம் பட்டா மாறுதல், முடிந்து உங்கள் பெயரில் தண்டப்பேர் எண் விழ வேண்டும். முதல் வரியை நீங்களே கட்டி ரசீது வாங்க வேண்டும்.

கே: தேனி மாவட்டத்து ரேஷன் கார்டு. வேலை மூணாறு எஸ்டேட்டில். அங்கே அரிசி வாங்க முடியுமா? – வாசகி, தேவிகுளம்

ப: உங்கள் கார்டு முன்னுரிமை வகையோ அந்தியோதயாவோ என்றால் முடியும், இந்தியாவில் எந்தக் கடையிலும் வாங்கலாம். முன்னுரிமைக் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயாவுக்குக் கார்டுக்கு 35 கிலோ. பங்கில் பாதியை நீங்கள் மூணாற்றிலும் மீதியை வீட்டார் ஊரிலும் வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தன் கணக்கில் தருபவை. எல்லை தாண்டினால் கிடைக்காது. முன்னுரிமையற்ற கார்டுக்கு இந்த வசதியே கிடையாது. கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரல்ரேகை எந்திரத்தில் படியாமல் போவது மலையில் சாதாரணம். வேறு விரல்களை வைத்துப் பாருங்கள். எதுவுமே படியவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கே: ஐயர் வைக்காமல், மாலை மாற்றித் தாலி கட்டும் சுயமரியாதைத் திருமணமாக மகள் கல்யாணத்தை நடத்த ஆசை. மாப்பிள்ளை வீடு உடுமலை. நாங்கள் பார்த்திருக்கும் மண்டபம் சித்தூரில். சட்டப்படி செல்லுமா? – வாசகர், எருத்தேம்பதி

ப: நல்ல வேளை, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டீர்கள். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டப் பலம் தருவது இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அது. உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதர் தேவையில்லை. இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும்.

ஆனால் அது தமிழ்நாட்டின் திருத்தம். கேரளத்தில் இந்து திருமணத்துக்கு 7-ஆம் பிரிவுதான்: மணமக்களில் ஒருவர் தரப்பின் வழக்கமான சடங்கு நடந்திருக்க வேண்டும். சித்தூர் மண்டபத்தில் மாலை மட்டும் மாற்றிவிட்டு, பின்னாளில் யாராவது வழக்குப் போட்டால், அதுவே உங்கள் வழக்கம் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள்மேல் விழும். மகளின் வாழ்க்கையை அப்படி ஒரு வாதத்தின்மேல் நிறுத்தக் கூடாது.

இரண்டு வழி இருக்கிறது. முகூர்த்தத்தை உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ வைத்து 7-ஏ-யின்படி நடத்தி அங்கேயே பதிந்துவிட்டு, வரவேற்பைச் சித்தூரில் வைத்துக்கொள்வது எளிது. சித்தூரில்தான் கல்யாணம் என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்களில் ஒருவர் 30 நாளாவது குடியிருந்த மாவட்டத்தின் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 30 நாள் பலகையில் இருக்கும். நோட்டீஸ் கொடுத்த 3 மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும், சாட்சிகள் மூவர். பலருக்குத் தெரியாத வசதி ஒன்று இதில் உண்டு: கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் இருக்கும் மண்டபத்துக்கே அதிகாரி வரலாம். முறை உங்கள் விருப்பம். உறுதிமொழி வாசகத்தை மணமக்களுக்குப் புரியும் மொழியில், நம் தமிழிலேயே, சொல்லலாம்.

வழக்கமான சடங்கோடு கேரளத்தில் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி எந்த மதத்துத் திருமணமும் பதிந்தே ஆக வேண்டும். கல்யாணம் நடந்த இடத்துப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு சாட்சிகள், புகைப்படம், வயதுச் சான்று, கோயில் சான்றிதழ் தேவை. கோயில் சான்று இல்லாவிட்டால் வார்டு உறுப்பினரோ கெஜட்டட் அதிகாரியோ படிவம் 2-இல் உறுதிமொழி தரலாம். நம் வழக்கப்படி முன்னால் வரும் தலைப்பெழுத்து அங்கே பெயருக்குப் பின்னால் போகும், 'சு. முருகன்' 'முருகன் எஸ்.' ஆகிவிடுவார். எல்லாக் காகிதத்திலும் ஒரே வரிசையாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் 2 தடவைதான் திருத்த முடியும். அதை இதற்குச் செலவழிப்பதைவிட, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதே என்று வில்லேஜ் ஆபீஸர் தரும் சான்று பெரும்பாலும் போதும்.

கே: சில வருடம் விஷுவும் சித்திரை 1-ம் ஒரே நாள்; சில வருடம் மறுநாள். போன் காலண்டர் தப்பாகக் காட்டுகிறதா? – வாசகி, வடகரைப்பதி

ப: போன் மேல் குற்றமில்லை, இரண்டு பக்கக் கணக்கும் வேறு. சூரியன் மேஷத்தில் நுழைவது பொழுது சாய்வதற்குள் என்றால் தமிழருக்கு அன்றே சித்திரை 1. விஷுக்கணியோ, நுழைந்த பிறகு வரும் முதல் விடியலில் காண்பது. 2023-இல் சூரியன் நுழைந்தது ஏப்ரல் 14 பிற்பகலில். ஆகவே நமக்கு அன்றே புத்தாண்டு, கணி 15-ஆம் தேதி விடியலில். 2024-இல் ஏப்ரல் 13 இரவில் நுழைந்ததால் இரண்டும் 14-இல் கூடின. நுழையும் நேரம் ஆண்டுக்குச் சுமார் 6 மணி நேரம் தள்ளிப் போவதால் இந்த மாற்றம் வந்துகொண்டே இருக்கும். மாதப் பிறப்புக்கு மலையாளக் கணக்கு பகலை ஐந்தாகப் பகுத்து முதல் மூன்று பங்கைத்தான் எடுக்கிறது. பிற்பகலில் சங்கிரமம் (சூரியன் ராசி மாறுவது) விழும் மாதங்கள் ஒரு நாள் பிந்தும். ஊர்க் கோயில் நோன்புக்கு அந்தக் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மலையாளம் எழுத வராது. அரசு அலுவலகத்தில் தமிழில் மனு கொடுத்தால் வாங்க மறுக்கலாமா? – வாசகர், வண்டிப்பெரியார்

ப: குறை தீர்க்கக் கேட்கும் மனு என்றால் மறுக்க முடியாது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் மனு கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு தருகிறது. மனுவின் தலைப்பில் 'பிரிவு 350-இன் கீழ்' என்றே எழுதுங்கள். சர்வே எண், தேதி, தொகை எல்லாம் எண்ணில் இருக்கட்டும். தமிழ் தெரியாத குமாஸ்தாவும் அதைப் பிடித்துக்கொண்டு கோப்பைத் தேடலாம். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தகவல் உரிமை மனுவுக்கு இது பொருந்தாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி ஆகியவற்றைத்தான் சொல்கிறது. ஆகவே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள். கட்டணம் 10 ரூபாய். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தாக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

கே: பஞ்சாயத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப். நோட்டீஸை நகலெடுத்து மொழிபெயர்ப்பில் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. ஏன்? – வாசகர், மறையூர்

ப: அந்தக் கோப்பு பழைய எழுத்துருவில் தட்டியது. கண்ணுக்கு மலையாளம், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடு. நகலெடுத்தால் குறியீடுதான் வரும். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் கொடுங்கள். அது படத்தைப் பார்த்துப் படிப்பதால் எழுத்துரு தடையாகாது. காகித நோட்டீஸ் என்றால் மடிப்பை நீவி, வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். கையெழுத்துக் குறிப்பை அது சரியாகப் படிக்காது. கடைசித் தேதி, தொகை, படிவ எண் மூன்றையும் மூலத்தில் ஒருமுறை கண்ணால் ஒப்பிடுங்கள். சட்ட நோட்டீஸ் என்றால் மலையாளம் படித்த ஆளிடம் காட்டாமல் பதில் எழுதக் கூடாது.

கே: தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கேரளத்திலேயே வைத்து ஓட்டுகிறேன். எத்தனை நாள் ஓட்டலாம்? – வாசகர், குமுளி

ப: ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும்; மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு. முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று, பிறகு கேரளத்தில் படிவம் 27. சான்று நிற்பது இரண்டு காரணத்தால்: கட்டாத அபராதச் சலான், அடைத்தும் ஆர்.சி.-யில் நீக்காத வங்கிக் கடன். இரண்டையும் தீர்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் மறுப்புச் சொல்லவில்லை என்றால் சான்று தந்ததாகவே 48-ஆவது பிரிவு கொள்கிறது. அதனால் விண்ணப்ப ஒப்புகையை பத்திரமாக வையுங்கள். கேரளத்தில் வரி கட்டிய ரசீதோடு, தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்டு பழைய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.