ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பாளர்கள் கேட்டவை: கடலூரிலிருந்து பதில்கள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் (பிள்ளைகளுக்கான ஞாயிறு வேதாகம வகுப்பு) 2003-இல் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். கடந்த 11 வருடமாகப் பொறுப்பாளர். கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் சிறுவர் ஊழியத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் என்னிடம் நேரிலும் போனிலும் கேட்பது அதிகமாகிவிட்டதால், கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று விட்டிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்: அக்கா, எனக்கு 23 வயசு. போன மாசம் ஆயர் ஐயா என்னைப் பொறுப்பாளரா அறிவிச்சுட்டாங்க. எனக்குக் கீழ இருக்கிற ஆறு டீச்சர்ல நாலு பேர் எனக்கே கிளாஸ் எடுத்தவங்க. எதைச் சொன்னாலும் "சரிம்மா"ன்னு சொல்லிட்டுப் பழையபடியே செய்றாங்க. என்ன பண்றது?

தங்கச்சி, முதலில் அந்தக் 'கீழ' என்கிற வார்த்தையை விட்டுவிடு. மனதில் இருந்தால் முகத்தில் தெரியும்.

முதல் மூன்று மாதம் புதிதாக எதையும் கொண்டுவராதே. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வகுப்பில் போய்ப் பிள்ளைகளோடு பாயில் உட்கார். சோதனை போட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் முந்தின நாளே போன் பண்ணி, "ஆன்ட்டி, நீங்க கதை சொல்றதைப் பார்க்கணும், வரட்டுமா?" என்று கேட்டுவிடு.

நான் பொறுப்புக்கு வந்தபோது எங்களிடம் ஒரு மூத்த ஆசிரியை இருந்தார். அவரிடம் படங்களை ஒட்டிக் கதை சொல்லும் துணிப் பலகையான ஃபிளானல் போர்டும், ஓரம் நைந்துபோன படங்களும்தான். புரொஜெக்டர் காலத்தில் இது எதற்கு என்று நினைத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு, இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய சகேயுவின் கதை. மனிதர்களை ஒட்டினார், கூட்டத்தை ஒட்டினார். மரத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு முந்தானையால் மறைத்துக்கொண்டார். "ஆளோ குள்ளம். முன்னாடி கூட்டம். ஒண்ணுமே தெரியல. இப்ப என்ன பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். ஒரு பையன் "சுவர் ஏறுவான்" என்றான். ஒரு குட்டிப் பெண் "அவங்க அப்பா தோள்ல ஏறிக்குவான்" என்றாள். அறை முழுக்க யோசித்துக் களைத்த பிறகுதான் அந்தக் காட்டத்தி மரம் போர்டுக்கு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அவரையே மற்றவர்களுக்கு அதைச் செய்து காட்டச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு வாரமும் தன் பாடத்தைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்ற வேதாகம வசனத்தை எல்லாரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அதை எழுதிய பவுல் அங்கே நிறுத்தவில்லை. வார்த்தையிலும் நடக்கையிலும் அன்பிலும் மாதிரியாயிரு என்று தன் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவிடம் தொடர்ந்து சொல்கிறார். உனக்கு வேலை அதில்தான் இருக்கிறது.

கடலூர் முதுநகர்: சிஸ்டர், பாடம் ஜெராக்ஸ் எடுக்கிறதிலிருந்து வேன், டிபன், கிறிஸ்மஸ் நாடகம், விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வரைக்கும் நானே பார்க்கிறேன். யாரும் முன்வர மாட்டேங்கிறாங்க.

தம்பி, வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவரே உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்க்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ பாராட்டவில்லை. "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். மோசேயும் தொய்ந்துபோவார், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். இந்த இரண்டாவது விஷயம் என் கண்ணில் பட ரொம்ப நாள் ஆயிற்று. நான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் எனக்குக் களைப்பு, அது என் பாடு என்று நினைத்திருந்தேன்.

யாரும் முன்வருவதில்லை என்று நானும் புலம்பியிருக்கிறேன். ஒரு வருடம் கிறிஸ்மஸ் நாடக உடைகளை ஒரு தங்கையிடம் ஒப்படைத்தேன். ஒப்படைத்துவிட்டுத் தினமும் போன். துணி எடுத்தாச்சா, என்ன கலர், எனக்கு போட்டோ அனுப்பு. நான்காவது நாள், "அக்கா, நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. தப்பு என்னுடையது என்று புரிய அடுத்த டிசம்பர் ஆகிவிட்டது.

அந்த டிசம்பரில் வேறொருவரிடம் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுத்தேன். என்றைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மேடையில் பார்த்தால் மேய்ப்பர்கள் எல்லாரும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு நிற்கிறார்கள். நானாக இருந்தால் அங்கிதான் தைத்திருப்பேன். நம்ம ஊர் ஆட்டுக்காரர்கள் மாதிரியே இருக்கிறது என்று சபையில் எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. எனக்கும்தான்.

அதனால் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். "ஜெராக்ஸ் எடுத்துட்டு வா" என்பதோடு நின்றால் அது எடுபிடி வேலை. "3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பாடம் இந்த மூன்று மாதத்துக்கு உன்னுடையது, செலவுக்கு இவ்வளவு, சந்தேகம் வந்தால் என்னைக் கேள்" என்று கொடுங்கள். சில இடத்தில் சொதப்பும். சொதப்பட்டும்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை: நல்லா பாடம் நடத்த எங்கே பயிற்சி எடுக்கலாம்?

பயிற்சி முகாம் நடந்தால் போய்விட்டு வாருங்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பாடத்தைப் போனில் குரல்பதிவு செய்து இரவு கேளுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை கேள்விக்குப் பிள்ளை வாய் திறப்பதற்குள் நீங்களே பதில் சொன்னீர்கள் என்று எண்ணுங்கள். முதல் தடவை எண்ணியபோது நான் ஒரு பிள்ளைக்குக்கூட நேரம் கொடுத்திருக்கவில்லை. அப்புறம் வேதபகுதியைச் சனிக்கிழமை ராத்திரி திறக்காதீர்கள். திங்கட்கிழமையே ஒரு தடவை வாசித்துவிட்டால் வாரம் முழுக்க அது மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

நெல்லிக்குப்பம்: பிள்ளைங்க கேட்கிற சில கேள்விக்கு எனக்கே பதில் தெரியல. தலைவரா இருந்துட்டு தெரியலன்னு சொன்னா மரியாதை போயிடாதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள். அன்று காலை தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்புப் பக்கம் கடல் என்ன செய்தது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சில வாரங்களில், நிவாரண முகாமில் தங்கியிருந்த பிள்ளைகள் சிலரும் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். நான் அப்போது சின்ன ஆசிரியை. பாடப் புத்தகத்தில் அடுத்து இருந்தது இயேசு கடலை அமர்த்திய கதை. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படகில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார், சீஷர்கள் எழுப்பினார்கள், எழுந்து காற்றை அதட்டினார் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பத்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "அன்னிக்கு மட்டும் ஏன் டீச்சர் அவரு எழுந்திருக்கல?"

நான் உடனே ஏதோ சொன்னேன். தேவ சித்தம், நமக்குப் புரியாது, அந்த மாதிரி. அவன் தலையை ஆட்டினான். அடுத்த ஞாயிறு வரவில்லை.

எங்கள் அப்போதைய பொறுப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நீ கேட்டதை டீச்சர் சொன்னாங்க. எனக்கும் தெரியல கண்ணு. நானும் ராத்திரியில அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவளைக் கடல் கொண்டுபோயிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. நான் விசாரிக்கவே இல்லை.

அந்த அம்மா மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. எனவே தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். தேடிப் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வி என்றால் அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், பாடத்தைத் தயாரிக்கும் முன் எதிரில் யார் உட்காரப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டோடு நான் ஒரு நோட்டு வைத்திருப்பது அன்றிலிருந்துதான். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். "அப்பா துபாயில்", "பாட்டி ஆஸ்பத்திரியில்", "இருட்டு என்றால் பயம்" என்று ஒரு வரி, இரண்டு வரி. வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருப்பேன், வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

அரியாங்குப்பம்: எங்க வேன்ல பிள்ளைங்களை ஒரு அண்ணன் மட்டும் தனியா ஏத்திட்டு வர்றார். நல்லவர்தான். இருந்தாலும் சில பெற்றோர் கேட்கிறாங்க. எப்படிச் சொல்றது?

பெற்றோர் கேட்பது நியாயம். நல்லவரா இல்லையா என்ற பேச்சுக்கே போக வேண்டாம். எல்லாருக்கும் ஒரே விதி என்று வையுங்கள். எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். வகுப்புக் கதவு திறந்தே இருக்க வேண்டும். கழிவறைக்குக் கூட்டிப்போவது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. ஆயர் உட்பட யாருக்கும் விலக்கு வேண்டாம். அந்த அண்ணனுக்கும் இது பாதுகாப்பு என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். தனக்கு நடந்த தவறு ஒன்றை ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால் நம்புங்கள். "உன் மேல தப்பு இல்ல, சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லியாக வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் பொறுப்பில் இருப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும் கூப்பிடலாம். "சபை பேர் கெட்டுடும், கமிட்டியில பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் அந்தப் பிள்ளைக்குத்தான் பொறுப்பாளர்.

பண்ருட்டி: விபிஎஸ்ஸுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து மற்ற மதத்துப் பிள்ளைகளும் வர்றாங்க. சேர்த்துக்கலாமா?

பெற்றோரை நேரில் பார்த்து, என்ன பாடம், என்ன பாட்டு, ஜெபம் உண்டு என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். கைவேலையும் விளையாட்டும் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவருவது சரியில்லை. பிள்ளைகள் முன்னால் அவர்கள் வீட்டு நம்பிக்கையைக் குறைத்துப் பேச எந்த ஆசிரியரையும் விடாதீர்கள்.

லாஸ்பேட்டை: பெரியவங்க கன்வென்ஷனுக்குப் பந்தல் போடப் பணம் இருக்கு. பிள்ளைங்க கிரேயான்ஸுக்குக் கேட்டா கமிட்டியில யோசிக்கிறாங்க.

எனக்கும் இந்த வருத்தம் உண்டு. பொதுவாகக் கேட்காமல் கணக்கோடு போங்கள். எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு, போன வருடம் என்ன செலவு என்று ஒரே தாளில். முடிந்தால் கமிட்டி அங்கத்தினர் ஒருவரை ஒரு ஞாயிறு முழுக்க உங்கள் வகுப்பில் உட்கார வையுங்கள். இங்கிலாந்தில் க்ளாஸ்டர் நகரில் 1780-இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ராபர்ட் ரெய்க்ஸ் போதகர் இல்லை, பத்திரிகை நடத்தியவர். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிறன்று தெருவில் திரிந்த பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க ஆசிரியைகளுக்குக் கூலி கொடுத்தார். பிள்ளைகளுக்காகப் பணம் செலவழிப்பது இந்த ஊழியத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்று கமிட்டியில் சொல்லிப் பாருங்கள்.

குறிஞ்சிப்பாடி: ஒன்பதாவது, பத்தாவது வந்ததும் டியூஷன்னு நின்னுடறாங்க.

நிறுத்தியதும் நாமும் அவர்களை மறந்துவிடுகிறோமே, அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணி ஜெபியுங்கள். ரிசல்ட் அன்று, மார்க் குறைந்த பிள்ளைக்கு முதலில் பண்ணுங்கள். திரும்பி வருபவர்களை உதவியாளராக்கலாம். நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடாதீர்கள், ஐந்து நிமிடக் கதை ஒன்றைச் சொல்லக் கொடுங்கள்.

வில்லியனூர்: 16 வருஷமா செய்றேன் சிஸ்டர். அலுத்துப் போச்சு. விட்டுட்டா தேவனுக்கு முன்னாடி தப்பா?

இல்லை அக்கா. 16 வருடம் ஞாயிறு காலையை நீங்கள் உங்களுக்கென்று வைத்துக்கொண்டதே இல்லை. களைப்பு வரத்தான் செய்யும். ஆயரிடம் சொல்லி முதலில் மூன்று மாதம் ஓய்வு எடுங்கள். சபையில் மற்றவர்களோடு உட்கார்ந்து பிரசங்கம் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆர்வம் திரும்பவில்லை என்றால் ஒப்படைத்துவிடுங்கள். பாதியில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், அடுத்தவரோடு ஒரு பருவம் சேர்ந்து நடங்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அவரைக் கூட்டிப்போய், "இனிமே இவங்கதான்" என்று அறிமுகம் செய்யுங்கள்.

எங்கள் பொறுப்பாளர் அம்மா என்னிடம் ஒப்படைத்தபோது அப்படித்தான் வீடு வீடாகக் கூட்டிப்போனார். வெயில் தாங்காமல் கடைசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுக்காமல் நேராக அவரிடம் நீட்டியது. அவர் வாங்கவில்லை. "புது டீச்சருக்குக் கொடு" என்றார்.